எட்டாம் எண்ணின் முதுகு

ஞாயிறு இரவு, கௌதமபுரம்.
கபாப் வண்டியில் எண்ணெய் இன்னும் அடங்கவில்லை.
டிவியில் அப்போதுதான் முடிந்த ஆட்டத்தை விட்டுவிட்டு
இருபத்தாறு வருடத்துக்கு முன் பூட்ஸைக் கழற்றிய
ஒரு மிட்ஃபீல்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இருதயராஜா? அவன் இன்னாப்பா ஆடினான்?
சீசனுக்கு ரெண்டு கோல்.
ஒண்ணு பெனால்டி.
இன்னொண்ணு முட்டியில பட்டு அதுவா உள்ள போச்சு."
சம்பங்கி சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கடித்தான்.

"கோல் போட்டவனுக்குப் பந்து எங்கேந்து வந்துச்சு?
கார்ப்பரேஷன் குழாய்லயா?"
கிளமெண்ட் எழுந்துவிட்டான்.
எழுந்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும்.

பேப்பர் தட்டு மைதானம் ஆயிற்று.
நாலு எலும்பு பின்வரிசை.
எலுமிச்சைத் துண்டு பந்து.
நடுவில் ஒரு பச்சைமிளகாய், இருதயராஜ்.
"இங்க நிப்பான். இங்கயேதான் நிப்பான். ஓட மாட்டான்."
"பந்து ஓடும்போது ஆள் ஏன் ஓடணும் குரு?"
வாக்குவாதத்தின் நடுவே நயாஸ்
மிளகாயைத் தின்றுவிட்டான்.
வேறொன்று வைத்தார்கள்.

முட்டை வாங்க வந்த லாண்டரி பச்சையம்மாவைச்
சாட்சிக்கு இழுத்தார்கள்.
பேட்டரி ஃபேக்டரி டீமின் துணியெல்லாம்
அந்நாளில் அவள் கையில்தான் வெளுத்தது.
"எட்டாம் நம்பர் நிக்கரா?
சோப்பே வேணாம், அலசிப் போட்டா போதும்.
மத்தவனுங்களுது ரெண்டு தண்ணி குடிக்கும்."

"பாத்தியா! விழவே இல்ல. ஒரு டேக்கிள் போகல. சோம்பேறி."
"பாத்தியா! விழவே இல்ல. எவனாலயும் விழவைக்க முடியல."

ஒரே நிக்கர், இரண்டு தீர்ப்பு.
பச்சையம்மா முட்டையை எண்ணிக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஓரமாக, என் ஸ்கூட்டர் சீட்டில்.
என்னை யாரும் கேட்கவில்லை.
எதிர் டீமின் துணி எங்கே வெளுத்தது என்றும்.
என் நிக்கரை அம்மா கல்லில் அடித்துப் பார்த்தாள்,
அந்தச் செம்மண் கடைசிவரை போகவில்லை.

அரையிறுதிக்கு முன் கோச் சொன்னது ஒன்றுதான்:
"பந்தைப் பாக்காத. எட்டைப் பாரு.
அவன் மூத்திரம் போனாலும் கூடவே போ."
தொண்ணூறு நிமிடம் ஒரு முதுகைப் பார்த்தேன்.
எட்டின் மேல்வட்டம் தையல் விட்டு
ஈசல் இறக்கையாய் அடித்துக்கொண்டிருந்தது.
பந்து வருமுன்
இடத்தோள் மேல் ஒரு பார்வை, வலத்தோள் மேல் ஒன்று.
நான் எங்கே நிற்கிறேன் என்பது
என்னைவிட அவனுக்குத் தெரிந்திருந்தது.

எழுபத்தோராம் நிமிடம். மழை.
பந்தின்மேல் காலை வைத்து நின்றான்.
சும்மா,
சிவாஜி நகர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
நான் பாய்ந்தேன். எங்கள் ஆள் இன்னொருவன் வந்தான்.
அப்புறம் ஒருவன்.
மூன்று பேரும் வந்து சேரட்டும் என்று காத்திருந்து
பந்தைப் பின்னால் உருட்டிவிட்டான்.
பின்வரிசைக்காரன் அதை
நாங்கள் காலிசெய்துவிட்டு வந்த இடத்துக்கு நீளமாய் அடித்தான்.
எவனோ ஓடிவந்து கோலாக்கினான்.
மறுநாள் பேப்பரில் அந்த எவனோவின் போட்டோ.

இதைச் சொல்லியிருக்கலாம்.
சொன்னால்
நான் பாய்ந்ததையும் சொல்லவேண்டும்.
சாவியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்கு அவரே வந்தார்.
தொப்பை. ஒருபக்கம் சாய்ந்த நடை.
"அரை பிளேட், எலும்பில்லாம. பார்சல்."
பேச்சு நின்றது.
கிளமெண்ட் தட்டு மைதானத்தை
உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.
பார்சலுக்குக் கை நீட்டுமுன்
இடத்தோள் மேல் ஒரு பார்வை, வலத்தோள் மேல் ஒன்று.
மீதியை எண்ணிப் பார்த்து
பத்து ரூபாயைத் திருப்பி நீட்டினார்,
"ஜாஸ்தி குடுத்துட்டப்பா."

அவர் முனை திரும்பியதும் சம்பங்கிதான் வாய் திறந்தான்:
"பாத்தியா, இப்பவும் பின்னாடிதான் தள்றான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
சிரித்து முடிக்கையில்தான் கவனித்தேன்.
எப்போது இறங்கினேனோ,
ஸ்கூட்டர் அங்கே கிடக்க,
அவர் நின்ற இடத்துக்கு
இரண்டடி பின்னால்
நின்றுகொண்டிருந்தேன்.