வலது கட்டைவிரல்

லகோவா செக்காவில் மழை பெய்து
பதினேழு மாதம்.
பாயியாவின் இந்தக் காய்ந்த பக்கத்தில்
பச்சையாய் நின்றது சிசல் கற்றாழை மட்டும்,
நுனியில் முள்ளோடு.

அறுக்க இரண்டு பேர், சுமக்க ஒரு கழுதை,
நாரைக் கம்பியில் உலர்த்த நான்.
இயந்திரத்துக்கு ஊட்ட அடெனில்சன்.
ஊட்டுவது என்றுதான் சொல்வோம்.
மட்டையின் பாதியை உள்ளே கொடுத்து
வெடுக்கென்று இழுத்து
மறுபாதியைத் திருப்பிக் கொடுக்கணும்.
நிமிடத்துக்கு இருபது, சில நாள் முப்பது.
கிலோவுக்குத்தான் கூலி.
யோசிக்கிறவனுக்குக் கூலி குறையும்.

அன்று யோசித்தானோ என்னவோ.
ஈர நார் ஒன்று மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது
திருவிழாவில் கட்டிவிடும் நேர்ச்சை நாடா மாதிரி.
டீசல் மோட்டார் இரைச்சலில்
அவன் வாய் திறந்திருந்ததைத்தான் பார்த்தேன்.

கழுவுவதற்கு இரண்டு வாளி தண்ணீர் தந்தார் முதலாளி.
குடிதண்ணீர் என்று
மறக்காமல் சொன்னார்.
மதியத்துக்குமேல் ஜெனிவால்டோ ஊட்ட நின்றான்.
அன்றைய நாரையும் நான்தான் உலர்த்தினேன்.
வெயில் எந்த நிறத்தையும் வெளுத்துவிடும்.
தராசுக்கு எல்லாம் ஒரே நார்.

ஓய்வூதிய அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து மாறணும்.
காலையில் அவன் சட்டைக் கையை
மடித்து முடிந்துவிட்டேன்.
கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான்,
நாற்காலி காட்டினாள்.
அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டே
மைப்பெட்டியை நகர்த்தினாள்:
'வலது கட்டைவிரல்.'

அவன் முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தான்.

மின்விசிறி சுற்றுவது கேட்டது.
கழுத்துவரை சிவந்துபோய் அவள்
இடது கைக்கு வேறு படிவம் என்றாள்,
அது சால்வடோரிலிருந்து வரணும் என்றாள்,
வேலைக்கு ஒப்பந்தக் காகிதம் இருக்கிறதா என்றும் கேட்டாள்.
காகிதமா.
கழுதைக்காவது சந்தையில் ஒரு ரசீது தந்தார்கள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து
அட்டையைத் திருப்பினான்.
பதினெட்டு வயதில் வைத்த மை.
வளைந்து வளைந்து போகும் கோடுகள்,
நடுவே குறுக்காக ஒரு வெள்ளை வெட்டு,
ஒன்பது வயதில் முதல் மட்டை அறுத்தபோது பட்டது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
வெகுநேரம் பார்த்தான்.
எங்கள் கல்யாணப் படத்தைக்கூட
அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது பேருந்தில்
நடத்துனர் காசு கேட்டபோது
வலது தோள்தான் முதலில் அசைந்தது.
அப்புறம் ரொம்ப தூரம் எதுவும் பேசவில்லை.
பெட்ரோல் பங்க் தாண்டியதும் கேட்டான்:

'ஜெனிவால்டோ நாளைக்கு எவ்வளவு போடுகிறான்?'

நூற்றைம்பது கிலோ இருக்கும் என்றேன்.

'நான் இருநூறு போட்டேன்,' என்றான்
ஜன்னலைப் பார்த்து.