படி

பாதை என்பது எங்கள் பக்கம் தெரு அல்ல.
இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து
எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு
ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஒரு நாம்பன் கன்றையும்
வாவிக்குக் குறுக்கே கொண்டுபோகிற ஒன்று.
அதில் ஏறி, உறைக்குள் படிவத்தோடு,
கண்டல்முனைச் சந்தியோகுமையாரைப்
பதிவுசெய்யப் போனேன்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள்.
முதலாவது: கட்டப்பட்ட ஆண்டு.

திறப்பு வைத்திருந்தவள் மெர்சலின் பல்தசார்.
ஓட்டோ ஓடுகிறவள். காக்கிச் சட்டையோடே வந்தாள்.
"ஆண்டா மிஸ்? பறங்கியர் கட்டினது எண்டு சொல்லுவாங்க.
நாங்கதான் பறங்கியர்.
எங்களுக்கே தெரியா."

உள்ளே மூன்று வாங்கு, வௌவால் புழுக்கை.
ஓடுகள் இரண்டு விதம்,
எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்தியது, பிந்தியது.
சன்னம் பட்ட குழிகளைச் சாந்தால் அடைத்திருந்தார்கள்;
மழை நாளில் அவை மட்டும் வேறு நிறமாகுமாம்.
அப்போஸ்தலர் கையில் வாள் இருக்கிறது.
குதிரைக்கு முன்கால் ஒன்று இல்லை.
அது விழாமலிருக்கத் தயிர்ச்சட்டி ஒன்றைக்
கவிழ்த்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது என் செருப்புக்கடியில்
வாசற்கல் லேசாக ஆடியது.
"மெல்ல மிஸ். அதுக்குக் கீழ எழுத்து இருக்கு."

போன மாரிக்குக் கல் தாழ்ந்துவிட்டதாம்.
கொத்தன் நல்லரெத்தினமும் அவளும்
அலவாங்கு போட்டுப் புரட்டினார்களாம்.
முகங்குப்புறக் கிடந்தது தமிழ்.

போனில் காட்டினாள். விரலால் விரிக்க விரிக்க
கல்லின் தோல், ஒரு மண்புழு,
பிறகு புள்ளி இல்லாத மெய்யெழுத்துகள்:
... க்கு வைத்த நொந்தா விளக்கு ஒன்று
சந்திராதித்தர் உள்ளவரை ...

யாருக்கு என்ற இடத்தில் உடைந்திருக்கிறது.
வாசலின் அளவுக்கு வெட்டியவன்
தெய்வத்தை எடுத்துவிட்டு
நான்காம் வேற்றுமை உருபை மட்டும் விட்டுவைத்தான்.
படி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்.
ஒன்றன்படி எத்தனையோ தலைமுறை மிதித்திருக்கிறது.
மற்றதன்படி நாங்கள் மூன்று பேர்.

"ஏன் திரும்பவும் குப்புறப் போட்டீங்க?"

"எழுத்து மேல கிடந்தா
கிழமைக்கு ஒரு கொடி வரும் மிஸ்.
எனக்கு ஓட்டோ ஓட வேணும்."

வெயில் தாழ்ந்தது. நான் சுவரை அளந்து முடிக்கவில்லை.
ஜாம் போத்தல் ஒன்றில் தேங்காயெண்ணெய் விட்டு
திரியைக் கிள்ளிச் சரிசெய்து
வாசல் ஆணியில் கொண்டுவந்து மாட்டினாள்.

"நேர்த்தியா?"

"சேச்சே. கடைசிப் பாதைக்குக் கரை தெரியோணுமே.
போஸ்ட் பல்ப் போய் எட்டு மாசம்,
பிரதேச சபைக்கு எழுதிப்போட்டம்.
கரண்ட் வர முந்தியும் இதுதான்."

அந்தக் கடைசிப் பாதையில்தான் திரும்பினேன்.
நடுவாவியில் பாதைக்காரன் முதுகு காட்டி நின்று
கயிறு இழுத்தான்.
அவன் தோளுக்கு மேலே
போத்தலுக்குள் ஒரு பொட்டு மஞ்சள்.
நான் எதையும் கும்பிடுகிற ஆள் இல்லை.
படிவத்தை எடுத்து, அரை இருட்டில்,
உரிமையாளர் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.
கல்லைப் பற்றி எழுதவில்லை.
பன்னிரண்டாவதற்கு மட்டும் ஒரு சொல்.

செவ்வாய்க்கிழமை கச்சேரியிலிருந்து அழைத்தார்கள்.
"தற்போதைய நிலை என்ற இடத்தில்
எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.
எப்போது பிடித்தது?"

முதலாம் கேள்வியும் அதுதான்.