வில்லோ பெண்ட், 1924–1987

பத்தொன்பது பொதுத்தேர்தல், ஓர் இடைத்தேர்தல்.
இரண்டு பக்கம்கூட வரவில்லை தாள்.

முப்பத்தைந்தில் ஓட்டுப் போட்டது
கோதுமை விலைதான்.
ஜெயித்தவர் முகம் ஒருவருக்கும் நினைவில்லை.

ஐம்பத்து மூன்றில் வித்தியாசம் பதினொன்று.
கர்லிங் அரங்கில், மூச்சு புகைய,
மூன்று தடவை எண்ணினோம்.
ஸ்டெஃபான் வொரோபெட்ஸ் போட்ட பெருக்கல் குறி
கட்டத்துக்கு வெளியே வழிந்திருந்தது.
செல்லாது.
சாகும்வரை அந்தப் பென்சிலைத் திட்டினார்.

அறுபத்திரண்டில்
நானூற்றுச் சொச்சம் ஓட்டு கூடுதல்.
ஏன் என்று தாளில் இல்லை.
டெல்ஃபின் ஒக்கானி ரிசர்விலிருந்து வந்தாள்,
ஐம்பத்தெட்டு வயதில் கன்னி ஓட்டு.
அவள் மகனைப் போருக்கு அழைத்தபோது
இந்த நாட்டுக்காரன் என்றுதான் அழைத்தார்கள்.
அவள் நாட்டுக்காரியாக
இன்னும் பதினெட்டு வருஷம் பிடித்தது.
யாருக்குப் போட்டாய் என்று வாசலில் கேட்டவனிடம்
"உனக்கில்லை" என்றாள்.
எண்ணிக்கையில் அவள் ஒன்று.

பிறகு ரெஜைனாவில் யாரோ
அடிக்கோல் வைத்து இழுத்தார்கள்.
வொரோபெட்ஸ் வீட்டு அடுப்படி ஒரு தொகுதி,
மாட்டுக்கொட்டில் வேறொன்று.
தாளின் கடைசி வரி:
தொகுதி நீக்கப்பட்டது.

விடிகாலை ஐந்து மணிக்கு
அவர் மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு
எல்லை தாண்டுகிறாள்.