சரிவுக்கு ஒரு கட்டை

"அக்கா, இந்த வேன் மலை ஏறிடும்.
எறங்குமான்னு கேளுங்க"
என்றான் ஆ கோக், எங்கள் தமிழிலேயே,
பஹாவ் டவுன் பட்டறையில்.
பயணத்துக்கென்று சேர்த்த மைலோ டின்னிலிருந்து
முதல் நானூற்றைம்பது ரிங்கிட்
பிரேக்குக்குப் போனது.

பத்தொன்பது வருசம்
கையுறை பெக்டரிக்கு ஆளேற்றிய வேன்.
தோட்டத்து முனை முதல் பெக்டரி கேட்டு வரை
இருபத்தொரு கிலோமீட்டர், நாளைக்கு ஆறு நடை.
"கூட்டினா நிலாவுக்கே போயிட்டு வந்திருப்பேன்" என்பார் இவர்.
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்.
போயாகிவிட்டது.
திரும்பி வரத்தான் கொஞ்சம் பாக்கி.

இருக்கைகளைக் கழற்றியபோது அடியில்
ஊக்குகள், ஒரு கொலுசுத் திருகு,
யாருடையதோ சம்பளச் சீட்டு: ஓவர்டைம் பதினொரு மணி.
சீட்டை மட்டும் எறிய மனம் வரவில்லை.
வேனை மாற்றிக்கொள்ள அனுமதிக் கடிதம் வர
மூன்று மாதம் ஆனது.
அதற்குள் பலகையடித்துக் கட்டில் முடித்தவர்
தன் உயரத்தை அளக்க மறந்திருந்தார்.
கால் நீட்டினால் கதவு சாத்தாது.
குறுக்கே படுத்துப் பழகுகிறார்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிளார்க்.
லோரி லோரியாகக் குலைகளின் பாரம் தெரியும்,
எங்கள் பாரம் தெரியாது.
சனிக்கிழமை, கடைசி லோரி போன பிறகு
வேனை மேடையில் ஏற்றச் சொன்னேன்.
தண்ணீர் அறுபது லிட்டர், கேஸ் தோம்பு, அரிசி,
வேண்டாமென்று இவர் மூன்று நாள் சண்டையிட்ட
என் சின்ன அம்மி.
எண்கள் பத்துப் பத்தாகத்தான் நகரும்.
நான் இறங்கி நின்றேன்.
ஏழு முறை குறைந்தது.
இவர் எங்கோ பார்த்தார்.
அம்மியை இறக்கி வைத்தேன்.

வழி இதுதான்:
காராக், ரவுப், லிப்பிஸ்,
மெராப்போ வனப்பூங்காவில் இரண்டு இரவு.
தாஹான் மலை தெரிந்தால் தெரியும்,
மேகம் என்றால் இல்லை.
குவா மூசாங்கில் எண்ணெய்.
ஜெலி தாண்டினால் கிரிக் வரைக்கும் மலைச்சாலை,
பாதியில் பெலும் காடு.
இருட்டிய பின் ஓட்டக் கூடாது, யானை நடக்கும்.
ஜொகூரிலிருந்து கஸ்தூரி போனில் கத்தினாள்:
"யானை வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"
"நிப்போம்" என்றேன்.
வேறென்ன பண்ணுவது.

கழிவறையைப் பற்றி மட்டும்
நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.
ஒரு நாள் பார்த்தால்
மூடி போட்ட பச்சை வாளி ஒன்று
வேனுக்குள் உட்கார்ந்திருந்தது.

ஒத்திகை இரவு.
வாசலிலேயே நிறுத்தி உள்ளே படுத்தோம்.
எதிர்வீட்டு ஸைனாப்
கொசுவத்திச் சுருளை நீட்டிவிட்டுப் போனாள்,
ஒரு கேள்வி கேட்கவில்லை.
எங்கள் வாசல் சரிவென்று
இருபத்தெட்டு வருசமாகத் தெரியாது.
தேநீர்க் குவளை மெல்ல நகர்ந்தது,
அதன் பின்னே தலையணை,
அதன் பின்னே இவர்.

நடுராத்திரியில் இறங்கி
கட்டில் பலகையில் மிஞ்சிய துண்டொன்றை
முன்சக்கரத்தின் கீழே செருகினோம்.
இவர் ஸ்டார்ட் செய்து ஏற்ற
நான் டார்ச்சு பிடித்து,
"இன்னும் கொஞ்சம். போதும். இல்ல, இன்னும் கொஞ்சம்."
தெரு நாய்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லின.

மட்டமானது.
படுத்தபடி சன்னலில் பார்த்தேன்:
எங்கள் வீடு.
அடுப்படி விளக்கை அணைக்க மறந்திருந்தோம்.
உள்ளே யாரோ எழுந்துவிட்ட மாதிரி,
ஆறு மணி ஷிப்டுக்குச் சோறு கட்டுகிற மாதிரி.
"போய் அணைச்சிட்டு வரவா?"
பதில் இல்லை.
குறுக்கே தூங்குகிறவரின் முழங்கால்
என் விலாவில்.

எரியட்டும் என்று திரும்பிப் படுத்தேன்.
காலையில் பட்டியலில் சேர்க்க வேண்டும்:
கட்டை, நாலு.