மூணுபுளி

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
பனைகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர்.
வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு
யாரோ பெயர் வைத்திருந்தார்கள்:
சாதிப் பெயர், கூடவே ஒரு காலனி.
இங்கே அதை எழுதமாட்டேன்.
எழுதினால் தேடுகிறவனுக்கு
இன்னொரு முடிவு கிடைக்கும்.

நான் சாப்பாட்டு ஆர்டர் கொண்டுபோகிறவன்.
பரோட்டா கேட்டவர் திரையில்
என் வண்டி ஒரு சின்னப் புள்ளி.
புள்ளி அந்தப் பெயரின் மேல் நின்றபோது
ரத்தானவை, போன மாதம் மட்டும் ஆறு.
காரணம்: மனம் மாறிவிட்டது.

'திருத்தம் பரிந்துரைக்க' என்று ஒரு பொத்தான் உண்டு.
இரவு பதினொன்றே முக்காலுக்கு அழுத்தி
மூணுபுளி என்று அடித்தேன்.
எங்களுக்குள் அதுதான் பெயர்.
மரம் இப்போது ரெண்டு;
ஒன்று ரோட்டுக்குப் போனது.

இரண்டே நிமிஷம்.
உங்கள் பரிந்துரையைச் சரிபார்க்க முடியவில்லை.

பழைய பெயரை யார் வந்து
எந்த மரத்தடியில் நின்று சரிபார்த்தார்கள்
என்று கேட்கப் பொத்தான் இல்லை.

'உனக்கு மார்க் பத்தாது' என்றான் ஆறுச்சாமி.
'சில்லறைச் சமாச்சாரம் சொல்லி
மொதல்ல நல்ல பேர் வாங்கு.'

கொழிஞ்சாம்பாறை பேக்கரி
வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு மூடி இரண்டரைக்குத் திறக்கும்.
ஏற்கப்பட்டது. நான்கு விநாடி.
கள்ளுக்கடையை ஒட்டிய பங்க்கில் காற்று இலவசம்.
ஏற்கப்பட்டது.
ஏடிஎம் இருக்கிறது, பணம் இருப்பதில்லை.
முதல் பாதி மட்டும் ஏற்கப்பட்டது.
நாற்பத்தொரு திருத்தத்துக்கு
நன்றி சொல்லி ஒரு நட்சத்திரம் அனுப்பினார்கள்.
ஊர் முழுக்க என் பேச்சு செல்லுபடி,
என் வாசல் வரைக்கும்.

நான்காம் முறை ஆதாரம் கேட்டது:
பெயர்ப்பலகையின் படம்.

பலகைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் போனேன்.
ரெக்கார்டில் இல்லாத பெயருக்கு எப்படிப் பலகை?
ரெக்கார்டில் எப்படி ஏற்றுவது, சார்?
செக்ரட்டரி போனை எடுத்து
அதே வரைபடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.
'இதில்கூட இல்லல்லோ.'

வீட்டுக்கு இருபது ரூபாய் போட்டு
தண்ணீர்த் தொட்டியில் நாங்களே எழுதினோம்.
பெயின்டர் சுகுணன்
தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி,
பெயின்ட் மீந்ததால்
கேட்காமலே இங்கிலீஷில் ஒரு வரி.

படமெடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள் மயிலாத்தாள்.
முகம் தெரிந்தால் தள்ளிவிடும் அக்கா, என்றேன்.
'நான் நின்னா ஊரு பொய்யாயிருமா?'
ஒதுங்கிக்கொண்டாள்.
அவள் குடம் மட்டும் ஓரத்தில் விழுந்துவிட்டது.
அதை வெட்ட மனசு வரவில்லை.

பத்தொன்பது நாள்.

சோற்றுப் பொட்டலம் முதுகில் சுட,
கனால் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.
ஏற்கப்பட்டது.
பழைய பெயர் போயிருந்தது.
அது இருந்த இடத்தில்,
மூணு புலி.

எந்திரம் இங்கிலீஷ் வரியை மட்டும் படித்து
தானே தமிழாக்கியிருக்கிறது.
அந்த மொழியில்
புளிக்கிறதும் உறுமுகிறதும் ஒன்றுதான்.
மலையாளத்துக்கு மாற்றிப் பார்த்தேன்.
அங்கேயும் புலிகள்.

தொட்டியடியில் பேசினோம்.
மறுபடி திருத்தம் போடலாம் என்றேன்.
நடுவில் பழசு திரும்பி வந்துவிட்டால்? என்றான் ஆறுச்சாமி.
பிள்ளைகள் அதற்குள்
ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள்.
'இருக்கட்டும் உடு' என்றாள் மயிலாத்தாள்.

இப்போதெல்லாம் போன் குரல்
ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்கிறது:
இருநூறு மீட்டரில், மூணு புலி.

நேற்று புதுக் கூரியர்காரன்,
மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்,
தொட்டியைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.
'புலி எங்கீங்க?'

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி
மயிலாத்தாள் வந்தாள்.
'கையெழுத்து எங்க போடோணும்?'