ஒன்றும் செய்யாத குடை

சாட்ஸ்வர்த்தில் மின்வெட்டு. மெழுகுவர்த்தி, பகடை,
பாதி தின்ற பன்னி சவ்.
ஆட்டத்தை நடத்துபவள் நான். என் விதி ஒன்றுதான்:
விலையில்லாத மந்திரப் பொருள் கிடையாது.

குபேந்திரன் ஒரு சாவி செய்தான்.
எந்தப் பூட்டையும் திறக்கும்;
திறக்குந்தோறும் உன் வீட்டுக் கதவொன்று
உன்னை மறந்துபோகும்.
சரி, எழுதிக்கொள் என்றேன்.

தேசிகனுக்கு வழக்கம்போல வாள்.
பொய் சொன்னவன் கையில் கல்லாய்க் கனக்கும்.
அவனாலேயே தூக்க முடியவில்லை.

சரோஷினி மெழுகைச் சுரண்டிக்கொண்டே
குடை என்றாள்.
என்ன செய்யும்?
ஒன்றும் செய்யாது.
விலை?
அதை வெளியே சொல்லக் கூடாது.

டிராகன் வந்தது. குடையை விரித்தாள்.
பகடையில் விழுந்தது ஒன்று,
இருப்பதிலேயே கேவலமான எண்.

டிராகனுக்குக் குரல் கொடுப்பதும் நான்தான்.
எல்லாம் தெரிந்தும்
நாற்காலியோடு ஓரடி
பின்னால் நகர்ந்தேன்.