வேறு பெயர்களில்

இருநூற்றுச் சொச்சம் ஃபோன்களில்
என் எண் இருக்கிறது.
என் பெயர் இருப்பது நாலைந்தில்தான்.

மற்றதில் நான்
கேஸ் கம்பெனி. ஏசி மெக்கானிக்.
சுசீலா டைலர், பிளவுஸ்.
ஆம்பூரில் ஷூவுக்கு அடித்தோல் ஒட்டும் இம்தாதுக்கு
'சூப்பர்வைசர் டூ'.
ராத்திரி பதினோரு மணிக்கு
சூப்பர்வைசருக்கு என்ன வேலை என்று
அவன் அம்மி கேட்டார்களாம்.
ஏற்றுமதி அவசரம் என்றிருக்கிறான்.
அவசரம் என்பது பொய்யில்லை:
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
தெரிந்த முகம் வரிசையில் நிற்காத நாள் எது?

அப்படி ஒரு நாள் கிடையாது, இம்தாத்.
செவ்வாய் கொஞ்சம் பரவாயில்லை.

ஒன்பது மணிக்கு
நாற்பத்தொரு பேருக்குச் செய்தி போகும்.
மாத்திரை என்று எழுதக் கூடாது.
முதலில் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தேன்,
யார் அந்த ரோஜா என்று
வாணியம்பாடியில் ஒரு வீட்டில் அடிதடி.
இப்போது வானிலை.
'வேலூர்: மழைக்கு வாய்ப்பில்லை.'
பதிலுக்குக் கட்டைவிரல் வந்தால்
விழுங்கியாயிற்று.
வராதவர்களுக்குப் பத்து மணிக்கு இன்னொன்று:
'வாய்ப்பே இல்லை.'
பாலாறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடிய நவம்பரில்,
முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
அதையேதான் அனுப்பினேன்.
முப்பத்தெட்டுக் கட்டைவிரல்.
மீதி மூன்று பேரின் வீட்டில்
கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நீலப் புள்ளி வந்தது ஒரு சனிக்கிழமை.
காட்பாடி ஸ்டேஷன் வாசலில் யுவராணியை
வேனில் ஏற்றியிருக்கிறார்கள்;
இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டு
ஃபோனை ரவிக்கைக்குள் போட்டிருக்கிறாள்.
புள்ளி மேம்பாலம் ஏறி இறங்கியது,
வளைந்தது,
சித்தூர் ரோட்டில் ஓர் இடத்தில் நின்று
சாம்பலாகிவிட்டது.
சார்ஜ் தீர்ந்த பிறகு
அது வெறும் படம்.
நைட்டி மேல் துப்பட்டா சுற்றிக்கொண்டு
வக்கீலம்மா ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து
நான்தான் போக வேண்டியிருந்தது.
எந்தப் பிரிவு என்று வக்கீலம்மா கேட்டார்.
எழுத்தர் கொட்டாவி விட்டார்.
விடியற்காலை மூன்றரைக்கு
மூன்று பேரும் பாலில்லாத டீ குடித்தோம்.
செருப்பு ஒன்றைக் காணோம் என்று
யுவராணி புலம்பிக்கொண்டே வந்தாள்.

பிறகு நிதர்சன்.
குடியாத்தம் பையன், அடையாள அட்டைக்கு
விண்ணப்பம் போட என் அறைக்கு வந்தான்.
பெயர்க் கட்டத்தில் அடித்தான்,
அழித்தான், அடித்தான்,
மூன்று தடவையும் ஒரே பெயர்.
எல்லாம் முடிந்து
ஆதார் பக்கம் ஓடிபி கேட்டது.
ஒன்பதாவது படிக்கையில் இணைத்த எண்,
அப்பாவுடையது.
அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர்.
வீட்டை விட்டு வந்து பதினாலு மாதம்.

பத்து நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.
ஆறு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தான்.
பிறகு ஸ்பீக்கரில் போட்டான்.
விசில், இன்ஜின், யாரோ சில்லறைக்குச் சண்டை.
"ஒரு நம்பர் வந்திருக்கும்..."
அந்தப் பக்கம் பஸ் மட்டும் ஓடியது.
எதற்கு என்று கேட்கவில்லை அவர்.
பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை,
பழையதையும் சரி.
பாக்கி எண்ணித் தருகிற குரலில்
ஆறு எண்களைச் சொன்னார்.
"துன்னியா?"
இவன் உம் என்பதற்குள் வைத்துவிட்டார்.

நேரம் முடிந்தது என்றது திரை.
மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினான்.
திரும்பக் கூப்பிடக் கை வரவில்லை அவனுக்கு.
வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

ஃபோன் அடித்தது.
"இன்னொண்ணு வந்துகீது. எழுதிக்கோ."

எழுதியது நான்.
உறை மேல், பேனா சரியாக எழுதாமல்,
அழுத்தி அழுத்தி.
அட்டை வந்துவிட்டது, பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு;
அதற்கு இன்னொரு விண்ணப்பம், இன்னொரு ஓடிபி.

அப்பாவின் ஃபோனில் அவன் பெயர்
என்னவென்று இருக்கிறதோ.
கேட்கவில்லை நான்.
கேஸ் கம்பெனிக்கு
அதெல்லாம் எதற்கு.